மூன்றாம் சுருளில் பனி

ஈரி ஏரிக்கரையில் நவம்பர் என்பது
மாதமில்லை, ஈரத்துணி.
பிழிந்துகொண்டேதான் எல்லோரும்
பிரசோவ்ஸ்கியின் மதுக்கடைக்குள் நுழைகிறார்கள்.
நுழைந்ததும் சண்டை:
ஹால்வர்சன் பெரியவனா, ட்ரெமான்ட் பெரியவனா?

ட்ரெமான்ட்டுக்கு நூற்றுக்கு அறுபத்தொன்பது.
பத்து வீசினால் ஏழு போய்ச் சேரும்,
பதிவுத் தபால் மாதிரி.
ஹால்வர்சனுக்கு நாற்பத்தெட்டு.
"பாதிகூட இல்லை" என்று கோர்லிஸ்
தன் பீர் கோப்பையைச் சாய்த்துக் காட்டுகிறான்.

தாடியஸ் விடுவதில்லை.
"அன்றைக்குப் பந்துக்கு ஓடுபவனை
நடுவழியில் கழுத்தோடு சாய்க்கலாம், விசில் வராது.
வீசி முடித்தவனை ஏறி மிதிக்கலாம்.
இன்றைக்குக் குவாட்டர்பேக்மேல் தும்மிப் பார்,
பதினைந்து யார்டு தண்டம்."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.
என்ன செய்ய, முடிச்சுப் போடுவதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
கிளப்பின் நூற்றாண்டு மலருக்காக
இரண்டு பேரையும் ஒரே அட்டவணையில்
உட்கார வைக்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை.
அவரவர் ஆண்டின் சராசரியோடு நிறுத்திப் பார்ப்பது.
ஐம்பத்தேழில் எங்கள் லீக் முழுக்க நாற்பத்தாறு:
ஹால்வர்சன் இரண்டு மேலே.
போன வருஷம் அறுபத்தைந்து:
ட்ரெமான்ட் நான்கு மேலே.
ஆக, ட்ரெமான்ட்.

அந்த 'ஆக' ஓரிடத்தில் நிற்பதாயில்லை.
ஒரு வீச்சுக்கு எத்தனை யார்டு என்று கேட்டால் கவிழ்கிறது.
எதிரி கையில் கொடுத்ததை எண்ணினால் நிமிர்கிறது.
பன்னிரண்டு ஆட்டத்தைப் பதினேழாக இழுத்து,
குளிரைக் கழித்து, சேற்றைக் கழித்து,
கடைசியில் பார்த்தால்
நான் எந்தக் கேள்வியில் தொடங்குகிறேனோ
அதற்கு ஏற்றவன் ஜெயிக்கிறான்.

படச்சுருளுக்குப் போனேன்.
1957 நவம்பர் பதினேழு, ஞாயிறு.
மூன்று டப்பா, ஒலியில்லாத படம்.

முதல் சுருளில் ஒன்பதாவது பாஸ்.
முப்பது யார்டு தாண்டி
ஸ்டெபானிக்கின் நெஞ்சுக்கு நேராக இறங்குகிறது பந்து.
வாரநாட்களில் வார்ப்படச் சாலை வேலை அவனுக்கு;
இடது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு.
நழுவிவிட்டது.
தாளில் அது ஹால்வர்சனின் தவறு.
விரலுக்குக் கட்டம் போட்டுத் தாள் அச்சடிப்பதில்லை யாரும்.

மூன்றாம் சுருளில்
ஏரி எழுந்து மைதானத்துக்குள் வந்துவிட்டது.
பதினொரு நிமிடம் வெறும் வெள்ளை.
படம் எடுத்தவன் நிறுத்தவில்லை,
ஏன் என்று தெரியவில்லை.

அதே பதினொரு நிமிடத்துக்குத் தாள் சொல்கிறது:
ஏழு வீச்சு, மூன்று சேர்ந்தது,
நாற்பத்தொரு யார்டு, ஒரு டச்டவுன்.
கையொப்பம்: எல். பிட்டெங்கர், கணக்கர்.
ஓரத்தில் பென்சிலில், மன்னிப்புக் கேட்பதுபோல் சிறிய எழுத்தில்:
'கூட்டத்தின் சத்தத்தை வைத்து.'

ஆக,
எந்தப் பக்கப் படிக்கட்டு கத்தியது,
எவ்வளவு நேரம் கத்தியது,
எப்போது எல்லோருமாகச் சேர்ந்து பெருமூச்சு விட்டார்கள்,
அதுதான் யார்டு. அதுதான் நாற்பத்தெட்டு.

ட்ரெமான்ட்டின் பந்துக்குள் ஒரு சில்லு இருக்கிறது,
நகக்கண் அளவு.
விரலை விட்டுக் கிளம்ப இரண்டு புள்ளி நான்கு நொடி,
சுழற்சி, உயரம், வேகம்
எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும்.
யாரும் கத்தத் தேவையில்லை.
கத்துகிறார்கள், அது வேறு.

அந்த வெள்ளைச் சுருளை
மதுக்கடைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டேன்.
முதலில் சிரித்தார்கள்.
நான்காம் நிமிடத்தில் கோப்பைகள் கீழே இறங்கின.
தாடியஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்,
பனி அதில்தான் இருப்பதுபோல.
ஒன்பதாம் நிமிடம்,
திரையில் எதுவும் இல்லாத ஒரு நொடியில்,
கோர்லிஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்:
"பிடிச்சிட்டான்!"

பிறகு முகம் சிவந்து உட்கார்ந்தான்.
கேலி செய்யவில்லை ஒருவரும்.

மலர் வெளிவந்துவிட்டது.
நாற்பத்தெட்டுக்குப் பக்கத்தில்
ஒரு நட்சத்திரக் குறி போட்டுக் கொடுத்திருந்தேன்.
இடமில்லை என்று அடிக்குறிப்பை நீக்கிவிட்டார்கள்.
குறியை எடுக்க மறந்துவிட்டார்கள்.